ஐம்புலன்களும் மனச்சிதைவு நோயும்

எமது மலருக்கு மருத்துவ சம்பந்தமான கட்டுரை ஒன்று எழுதித் தரும்படி இதழாசிரியர் பல தடவை கேட்டுக்கொண்டார். சலரோகம், இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் ஆகியவற்றில் ஒன்றைப் பற்றி எழுதுவேன் என்றே அவர் எதிர்பார்த்திருப்பார். அவை பற்றி நம்மவர் ஓரளவு அறிந்துள்ளனர். பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும் வரிசையிலேயே தத்தமது சீனி அளவை ஒருவருக்கொருவர் தயக்கமின்றிச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் எந்த வரிசையிலும் எவரும் வாய்திறந்து சொல்லாத நோய் ஒன்றும் நமது வீடுகளில் உண்டு. அதுவே மனச்சிதைவு நோய். ஆங்கில வைத்தியத்தில் ஸ்கிசோஃபிரினியா என்பர். அந்நோயின் எல்லா அம்சங்களையும் ஒரு கட்டுரையில் அடக்க முடியாது. நோயாளியின் ஐம்புலன்களுக்கு நேரும் இடர்ப்பாட்டையும் அதற்கான சிகிச்சைகளையும் மாத்திரம் இங்கு எடுத்துக்கொள்கிறேன். கோயிலுக்கு வரும் எம் எல்லோருடைய நடத்தையும் சம்பந்தப்பட்ட பகுதி அதுவேயாகும்.

முதலில் சில அடிப்படை விடயங்கள். தம் ஆயுட்காலத்தில் இந்நோய்க்கு ஆளாகிறவர்கள் நூறு பேரில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. பெரும்பாலும் பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் ஆரம்பிக்கும். பெண்களுக்குச் சற்றுப் பிந்தியும் வருவதுண்டு. நாடுவிட்டு நாடு குடியேறிய சமூகங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இது ‘யாரோ ஒருவர் வீட்டு விடயம்’ அன்று. பேய் பிசாசினாலோ, செய்வினையினாலோ, தாய் தகப்பன் வளர்த்த முறையினாலோ வருவதும் அன்று. அது மூளையைச் சார்ந்த நோய்.

இதை எழுதத் தூண்டியது ஒரு தாயின் கேள்வி. அவருடைய சம்மதத்துடன், ஆள் அடையாளம் தெரியாதவாறு சில விபரங்களை மாற்றித் தருகிறேன். அவர் நமது பகுதியிலேயே, நோத்ர-டாம்-த-கிரேஸில், ஷேர்புரூக் வீதிக்கு அண்மையில் வசிப்பவர். மகனுக்கு இருபத்தைந்து வயது. நான்கு வருடங்களாக மருந்து எடுக்கிறான். காதில் கேட்ட குரல்கள் பெருமளவு குறைந்துவிட்டன. பகுதிநேர வேலைக்கும் போகிறான். ஆயினும் சென்ற விழாவன்று தீபாராதனை நேரத்தில் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு, ஆட்களை இடித்துத் தள்ளியபடி வெளியே ஓடிவிட்டான். சப்பாத்தும் போடாமல் பனியில் நின்றவனைத் தகப்பனார் போய்க் கூட்டிவந்தார். அடுத்த வாரம் அந்தத் தாய் என்னிடம் கேட்டார்: “தம்பி, இவனை இனிக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வாறதோ, விடுறதோ? சாமிக்கு முன்னால நிக்கேலாமல் ஓடுறான் எண்டு சனம் ஒரு மாதிரிக் கதைக்குது.”

அன்று நாம் கூடிய மண்டபத்தைச் சற்று நினைத்துப் பாருங்கள். நிலத்துக்குக் கீழே, தாழ்ந்த கூரையுடன் கூடிய, நாற்புறமும் சீமெந்துச் சுவர் கொண்ட மண்டபம். மாசி மாதக் குளிரில் கதவு யன்னல் யாவும் சாத்தியிருந்தன. முன்னூறு பேர் வரையில் நின்றோம். நாதஸ்வரமும் தவிலும் ஸ்பீக்கரில் முழங்கின. கைமணியும் சேமக்கலமும் ஒலித்தன. சாம்பிராணிப் புகை வெளியேற வழியில்லை. பின்னால் குழந்தைகள் ஓடி விளையாடினர். சமையற் பக்கத்தில் பாத்திரச் சத்தம். தலைக்கு மேலே டியூப் லைட்டுகளின் ஓயாத இரைச்சல். அந்த இரைச்சலை நாம் கேட்டோமா? கேட்கவில்லை. காதில் விழுந்தது, ஆனால் மூளை அதை உள்ளே விடவில்லை. அந்த இளைஞனின் மூளை எல்லாவற்றையும் உள்ளே விட்டது. வித்தியாசம் அவ்வளவே.

ஆரோக்கியமான மூளைக்கு ஒரு வாயிற்காவலன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். புதிய ஓசை வந்தால் கவனிப்பான். அதே ஓசை மீண்டும் வந்தால், ‘இது பழையதுதான்’ என்று தள்ளிவிடுவான். இதை அளந்து பார்க்கவும் முடியும். தலையில் மின்கம்பிகளைப் பொருத்தி, அரைச் செக்கன் இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று இரண்டு சிறிய ஓசைகளைக் கேட்கச் செய்வார்கள். சாதாரணமாக முதல் ஓசைக்கு மூளை காட்டும் மின்னசைவிலும் பார்க்க இரண்டாவதற்குக் காட்டுவது மிகக் குறைவாக இருக்கும். மனச்சிதைவு உள்ளோர் பலரில் இரண்டாவதும் ஏறக்குறைய முதலாவதைப் போலவே இருப்பதை 1982 இல் அமெரிக்காவின் கொலராடோவில் கண்டறிந்து வெளியிட்டனர். நோய் இல்லாத நெருங்கிய உறவினர் சிலரிடமும் இத்தன்மை காணப்பட்டது. அதாவது இது குணக்கேடு அன்று. பிறப்போடு வரும் உடல் இயல்பின் ஒரு பகுதி.

கருவிகள் சொல்வதற்கு முன்னரே நோயாளிகள் இதனைச் சொல்லியிருந்தார்கள். 1961 இல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் மக்கீ, சாப்மன் என்ற இருவர், நோயின் ஆரம்ப நிலையில் இருந்தவர்களை உட்காரவைத்து, அவர்களுக்கு என்ன நேர்கிறது என்று பொறுமையுடன் கேட்டுப் பதிவு செய்தனர். எல்லா ஓசைகளும் ஒரே அளவில் மேலே வந்து விழுகின்றன, நிறங்கள் கண்ணைக் கூசச் செய்கின்றன, இரண்டு பேர் சேர்ந்து கதைத்தால் ஒருவர் சொல்வதும் விளங்குவதில்லை என்ற பொருள்பட அவர்கள் கூறினர். எனது கிளினிக்குக்கு வரும் நோயாளிகளும் இதே விதமாகவே சொல்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள், தாமாகச் சொல்வது அரிது.

இன்னும் இரண்டு விடயங்கள் உண்டு. ஒன்று, தொனி. இரண்டு சுரங்களில் எது உயர்ந்தது என்று பிரித்தறிவது இந்நோய் உள்ளோர் பலருக்குக் கடினமாக இருக்கிறது. மனிதரின் குரலில் உள்ள அன்பும் கோபமும் அந்த ஏற்ற இறக்கத்தில்தான் தங்கியிருக்கின்றன. “ஏன் இன்னும் சாப்பிடேல்லை?” என்று தாய் கரிசனையுடன் கேட்கிறார். மகனுடைய காதில் சொற்கள் மாத்திரம் சரியாக விழுகின்றன, கரிசனை விழவில்லை. அவனுக்கு அது அதட்டலாகப் படுகிறது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறான். ‘எவ்வளவு அன்பு காட்டியும் பிள்ளை முகங்கொடுத்துக் கதைக்கிறான் இல்லை’ என்று பெற்றோர் மனம் நோகின்றனர். இரு பக்கத்திலும் குற்றமில்லை.

மற்றது, தன்னுடையது எது, பிறருடையது எது என்ற அடையாளம். நாம் நம்மையே கூச்சங்காட்ட முடியாது. கை அசையும் முன்பே ‘இது என் கைதான்’ என்ற செய்தி மூளைக்குள் போய்விடுகிறது. குரல் கேட்கும் நோயாளிகள் தாமே தம் உள்ளங்கையைத் தடவினாலும், பிறர் தடவினாற் போலவே உணர்கிறார்கள் என்று 2000 ஆம் ஆண்டில் இலண்டனில் செய்த பரிசோதனை காட்டியது. மனதுக்குள் எழும் தன் சொந்தப் பேச்சும் இவ்வாறே அடையாளம் இழந்து, வெளியிலிருந்து வரும் குரலாகக் கேட்கிறது என்பது இன்று பலரும் ஏற்கும் விளக்கம்.

எமது சமயத்தில் ஐம்புலன்களை அடக்குதல் பெரிதாகப் பேசப்படுகிறது. இதனால் நம்மில் சிலர், ‘மனதை ஒருநிலைப்படுத்தினால் இதெல்லாம் போய்விடும்; தியானம் செய்யச் சொல்லுங்கோ’ என்று புத்திமதி கூறுகிறோம். புலனடக்கம் என்பது கதவின் திறப்பைக் கையில் வைத்திருப்பவருக்குச் சொல்லப்பட்டது. இந்த நோயாளியின் கதவுக்குப் பிணைச்சலே கழன்றிருக்கிறது. அவரிடம் போய்க் கதவைச் சாத்து, சாத்து என்றால் அவர் என்ன செய்வார்?

இனிச் சிகிச்சைக்கு வருவோம். இதில் நாம் வாழும் மொன்றியல் மாநகருக்குத் தனியான இடம் உண்டு. 1937 இல் நாசி ஜேர்மனியை விட்டுத் தப்பி இங்கு வந்தவர் டாக்டர் ஹைன்ஸ் லேமன். எம்மைப் போலக் குடியேறியவரே. வேர்டனில் இருந்த புரொட்டஸ்தாந்து வைத்தியசாலையில், அதாவது இன்றைய டக்ளஸ் வைத்தியசாலையில், கடமையாற்றினார். பாரிஸ் நகர வைத்தியர்கள் 1952 இல் பயன்படுத்தத் தொடங்கிய குளோர்புரோமசின் என்ற மருந்தைப் பற்றிப் படித்துவிட்டு, 1953 இல் தமது 71 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அதன் பயனை டாக்டர் ஹான்றஹானுடன் சேர்ந்து 1954 இல் எழுதி வெளியிட்டார். வட அமெரிக்கா முழுவதும் இம்மருந்து பரவுவதற்கு அது வழிவகுத்தது. ஊரில் லார்காக்டில் என்ற பெயரில் பலரும் அறிந்திருந்த மருந்து இதுவே. இன்று பக்கவிளைவுகள் வேறுபட்ட பல மருந்துகள் உள்ளன. இரண்டு மருந்துகளுக்கும் குணம் காணாதவர்களுக்குக் குளோசபின் கொடுக்கப்படுகிறது. அதற்கு ஒழுங்காக இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இந்நோய்க்கு மருந்தே அத்திவாரம். இதில் எவரும் ஐயப்பட வேண்டாம்.

ஆனால் அத்திவாரம் மாத்திரம் வீடாகாது. மருந்து குரல்களைக் குறைக்கிறது. புலன்களின் கதவைப் பலருக்கு முழுமையாகத் திருத்துவதில்லை. இதை நான் மருத்துவக் கல்லூரிக்குப் போவதற்கு முன்பே ஊரில் கண்டிருக்கிறேன். என் தகப்பனாரின் இளைய சகோதரர், நாம் சின்னையா என்று அழைப்பவர், இந்நோய் உள்ளவர். நூல் கட்டுதல், நேர்த்தி வைத்தல் யாவும் நடந்து பல வருடங்களின் பின், மாதம் ஒரு ஊசி போடத் தொடங்கியதும் அவருடைய குரல்கள் அடங்கின. தனக்குத்தானே கதைப்பது நின்றது. ஆயினும் சத்தத்துக்குக் கூசுவது நிற்கவில்லை. பொழுதோடு இறைப்பு மிசின் தொடங்கும் போது அவர் அதன் அருகில் நிற்கமாட்டார். மிசின் சத்தம் அடங்கித் தெரியும் கடைசித் துண்டுக்குப் போய், மண்வெட்டியுடன் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். குளிர்ந்த தண்ணீர் காலில் படும்; ஒரே விதமான வேலை; ஒரே விதமான ஓசை. அந்நேரத்தில் அவரைப் பார்ப்பவர் நோயாளி என்று சொல்லமாட்டார்.

அப்பாச்சி படிக்காதவர். ஆனால் சின்னையாவுக்கு முன்னால் ஒருவர் கதைக்கும் போது மற்றவரைக் கதைக்க விடமாட்டார். ரேடியோவை நிறுத்திவிட்டுத்தான் சாப்பாடு போடுவார். பின் விறாந்தையில் அவருக்கென்று ஒரு பாய் எப்பொழுதும் விரித்திருக்கும். அங்கு அவர் படுத்திருந்தால் பிள்ளைகள் நாங்கள் போகக்கூடாது. சாப்பாட்டு நேரத்தில் மாத்திரம் எல்லோருடனும் வந்து அவர் இருக்க வேண்டும். அதில் அப்பாச்சி விட்டுக்கொடுத்ததில்லை.

திருவிழாக் காலத்தில் சின்னையா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, வெளிவீதியில் தேர்முட்டிக்கு அப்பால் வேப்பமரத்தடியில் நிற்பார். சுவாமி உலா வரும்போது அங்கிருந்தே கும்பிடுவார். கூட்டம் கலைந்து வீதி வெறித்த பிறகு, தனியே உள்ளே போய் வருவார். ஐயர் அவருக்கென்று வீபூதி சந்தனம் எடுத்து வைத்திருப்பார். ‘சாமிக்கு முன்னால் நிற்க மாட்டாதவர்’ என்று அவரை எவரும் சொன்னதில்லை. ஏனென்றால் வீதியில் நிற்பதும் கோயிலில் நிற்பதுதான். நமது ஊர்க் கோயில்களின் அமைப்பே அப்படிப்பட்டது. கருவறை, மண்டபம், உள்வீதி, வெளிவீதி என்று அடுக்கடுக்காக இருக்கும். ஒருவர் தன்னால் தாங்கக்கூடிய தூரத்தைத் தானே தெரிந்துகொண்டு நிற்கலாம். இங்கே குளிர் காரணமாகவும் இட வசதியின்மையாலும் நாம் எல்லா வீதிகளையும் ஒரு மண்டபத்துக்குள் சுருட்டிவிட்டோம். உள்ளே நின்றால் முழுவதும். வெளியே போனால் பனி. அந்த இளைஞனுக்கு இருந்த தெரிவு அதுதான்.

புலன்களுக்கான சிகிச்சை எல்லாவற்றையும் ஒரு வசனத்தில் சொல்வதானால், நோயாளி தனக்குத் தாங்கும் தூரத்தைத் தானே தெரிவு செய்யவும், அத்தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொள்ளவும் உதவுவதே அது எனலாம்.

அப்படியானால் நோயாளியை இருட்டறையில் தனியே விட்டுவிட்டால் போதுமே என்று கேட்கலாம். அது பிழை என்பதற்கும் மொன்றியலே சாட்சி. 1951 முதல் 1954 வரை மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டொனால்ட் ஹெப் அவர்களின் குழுவினர், நாளொன்றுக்கு 20 டொலர் கொடுத்து மாணவர்களை ஒரு சிறு அறையில் படுக்க வைத்தனர். கண்ணுக்கு உருவம் தெரியாத மங்கிய கண்ணாடி, கைக்கு உறை, காதுக்கு ஒரே விதமான இரைச்சல். பெரும்பாலானோர் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. நல்ல சுகதேகிகளான அந்த மாணவர்களில் பலர், அங்கே இல்லாத உருவங்களைக் கண்டனர். வெளியிலிருந்து வருவது அற்றுப்போனால் மூளை தானாகவே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது. ஆகவே அளவுக்கு மிஞ்சிய சத்தமும் கெடுதி. யாருமற்ற தனிமையும் கெடுதி.

இதே நகரில் இன்னொரு பாடமும் உண்டு. ஆலன் மெமோரியல் நிலையத்தில் 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் டாக்டர் யூவன் கமரன் நோயாளிகளை நாட்கணக்கில் மருந்தால் தூங்கவைத்து, ஒலிநாடாவில் ஒரே வாசகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்தார். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.யின் பணமும் அதற்குக் கிடைத்தது. பாதிக்கப்பட்ட 77 பேருக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டொலர் வழங்குவதாகக் கனடிய அரசாங்கம் 1992 இல் அறிவித்தது. நோயாளியின் சம்மதமின்றி அவருடைய புலன்களின் மீது வலோற்காரமாகச் செய்யும் எதுவும் சிகிச்சையாகாது என்பதை நாம் மறக்கலாகாது.

இன்று கையாளப்படும் முறைகளைச் சுருக்கமாகக் கூறுகிறேன். முதலாவது, குரல்களைப் பற்றிய பேச்சுச் சிகிச்சை. குரலை இல்லையென்று வாதாடாமல், அது எப்போது வருகிறது, என்ன சொல்கிறது, அதற்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்று நோயாளியுடன் சேர்ந்து ஆராய்வது. இதன் புதிய வடிவம் ஒன்றை இலண்டனில் ஜூலியன் லெஃப் 2008 இல் தொடங்கினார். தன்னை வதைக்கும் குரலுக்கு ஒரு முகத்தை நோயாளி கணினியில் உருவாக்குகிறார். சிகிச்சையாளர் அந்த முகத்தின் வாயிலாகப் பேசுகிறார். நோயாளி எதிர்த்து நின்று பதில் சொல்லப் பழகுகிறார். மொன்றியலின் கிழக்குப் பகுதியில் உள்ள பல்கலைக்கழக மனநல நிலையத்தில் டாக்டர் அலெக்சாண்டர் டுமே அவர்களின் குழுவினர் இதனை முப்பரிமாணக் காட்சிக் கண்ணாடியுடன் செய்து, முதற் பெறுபேறுகளை 2018 இல் வெளியிட்டனர். மருந்தால் அடங்காத குரல்களின் கொடுமை பலருக்குக் குறைந்தது.

இரண்டாவது, காதுக்குப் பயிற்சி. கணினியின் முன் அமர்ந்து, மிக நெருங்கிய ஓசைகளைப் பிரித்தறியும் பயிற்சியை 50 மணித்தியாலம் செய்தவர்களின் சொல் ஞாபகசக்தி முன்னேறியதாக 2009 இல் கலிபோர்னியாவில் கண்டனர். பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விதமாக இல்லை. எனினும் பயனுள்ள வழியாகவே தோன்றுகிறது.

மூன்றாவது, தொழில்வழிச் சிகிச்சையாளர்கள் செய்வது. லோர்னா ஜீன் கிங் என்ற அமெரிக்கப் பெண்மணி 1974 இல் இதைப் பற்றி எழுதிய பின்னரே பலர் கவனிக்கத் தொடங்கினர். எந்தப் புலன் அதிகம் கூசுகிறது, எது ஆறுதல் தருகிறது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பார்த்து, பாரமான போர்வை, காதடைப்பான், ஆடுகதிரை, தோட்டவேலை, மா பிசைதல், தாளத்துடன் நடத்தல் என்று பொருத்தமானதைத் தெரிவு செய்கிறார்கள். இவற்றுக்கான ஆய்வுச் சான்று மருந்துக்கு உள்ள அளவு வலுவானதன்று. ஆனால் மருந்தோடு சேர்த்துச் செய்வதால் தீங்கில்லை. பலருக்கு நாளைக் கழிக்க இதுவே துணையாகிறது.

நான்காவது, எவரும் வீட்டிலேயே செய்யக்கூடியது. குரல் வரும் நேரத்தில் தானே வாய்விட்டு முணுமுணுத்தால், சத்தமாக வாசித்தால், அல்லது பாடினால் சிலருக்குக் குரல் அடங்குகிறது. தேவாரம் தெரிந்த பிள்ளையானால் தேவாரமே பாடலாம். அவர் தாமாகப் பாட வேண்டும். நாம் ஸ்பீக்கரில் போட்டு அவருடைய அறைக்குள் விடுவது வேறு விடயம்.

குடும்பத்தின் பங்கு எவ்வளவு என்பதற்குச் சென்னையிலிருந்து இரண்டு சான்றுகள் உண்டு. டாக்டர் சாரதா மேனன் 1984 இல் அங்கு ஆரம்பித்த மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், ஸ்கார்ஃப், உலகப் பிரசித்தி பெற்றது. சென்னை, கலிபோர்னியா, கானா நாட்டின் அக்ரா ஆகிய மூன்று இடங்களிலும் இருபது இருபது நோயாளிகளிடம் அவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி விசாரித்த ஓர் ஆய்வு 2015 இல் வெளிவந்தது. அமெரிக்க நோயாளிகள் பலர் யாரென்று தெரியாத, வன்முறை பேசும் குரல்களைச் சொன்னார்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டது தாய், தகப்பன், மாமியார், சகோதரர் ஆகியோரின் குரல்களை. குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று ஏவுகின்ற, ஏசுகின்ற, சில வேளை நல்ல புத்தியும் சொல்கின்ற குரல்கள். நோய் ஒன்றே, ஆனால் அது பேசும் பேச்சு அவரவர் வாழும் வீட்டின் பேச்சாக இருக்கிறது.

மற்றது எமக்கு இன்னும் நெருக்கமானது. மொன்றியல் டக்ளஸ் வைத்தியசாலையில் டாக்டர் அசோக் மல்லா அவர்களும் ஸ்ரீவித்யா ஐயர் அவர்களும், சென்னையில் டாக்டர் தாரா, டாக்டர் பத்மாவதி ஆகியோரும் சேர்ந்து, முதன்முறையாக நோய் கண்ட இளைஞர்களை இரு நகரங்களிலும் ஒரே விதமான சிகிச்சை கொடுத்து இரண்டு வருடங்கள் அவதானித்தனர். இங்கு 165 பேர், அங்கு 168 பேர். 2020 இல் வெளியான முடிவின்படி, குரல் கேட்டல், வீண் சந்தேகம் போன்றவை இரு நகரங்களிலும் ஏறக்குறைய ஒரே விதமாகவே குணமடைந்தன. ஆனால் ஒதுங்கியிருத்தல், பேச்சுக் குறைதல், ஊக்கமின்மை ஆகியவை சென்னையில் அதிகம் குணமடைந்திருந்தன. வசதிகளில் சென்னை மொன்றியலுக்கு ஈடாகாது. அங்கு கூடுதலாக இருந்தது குடும்பத்தின் துணை. அந்தத் துணையை நாமும் கொண்டுதான் இந்நாட்டுக்கு வந்தோம். அதை இங்கே வெட்கத்தின் பொருட்டு இழக்கலாமா?

கோயிலில் தங்கினால் குணமாகும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் திருச்சிக்கு அருகே குணசீலத்தில் நோயாளிகள் 48 நாட்கள் தங்கி வழிபடும் வழக்கம் பிரசித்தமானது. வேலாயுதம்பாளையம்புதூர் என்ற கிராமத்து முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பெங்களூர் மனநல வைத்தியர்கள் பரிசோதித்து 2002 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினர். சராசரி ஆறு வாரம் தங்கியோரின் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே நடந்தது என்ன? காலையில் கால்மணி நேரம் எளிய பூசை. பின்னர் நாள் முழுவதும் கோயிலைக் கூட்டுதல், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுதல் போன்ற சிறு வேலைகள். உடன் ஒரு உறவினர். கட்டிவைத்தலோ அடித்தலோ இல்லை. அமைதியான, பயமுறுத்தாத சூழலே காரணம் என்று அவ்வைத்தியர்கள் கருதினர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாத சிறிய ஆய்வு அது. ஆகவே இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்துவது ஆபத்து. அதற்கு முந்திய வருடம், 2001 ஓகஸ்ட் 6 ஆம் திகதி, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் விடுதியொன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 நோயாளிகள் தீயில் கருகி மாண்டனர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். சாந்தமான கோயில் நோயாளிக்கு ஆறுதல். பிணைத்து வைக்கும் இடம், அது எந்தச் சமயத்தின் பெயரால் நடந்தாலும், ஆறுதல் அன்று.

அந்தத் தாய்க்கு நான் கூறிய பதில் இதுதான். “கூட்டிக்கொண்டு வாருங்கோ அக்கா. ஆனால் தீபாராதனைக்கு அரை மணி முன்னம் வாருங்கோ. கதவுக்குக் கிட்ட நிக்கட்டும். காதடைப்பானைக் கையில குடுத்துவிடுங்கோ. வைக்கிறதும் விடுறதும் அவர் விருப்பம். போவம் எண்டு அவர் சொன்னால் ஏன் எண்டு கேளாமல் எழும்புங்கோ. அடுத்த முறை இன்னும் கொஞ்ச நேரம் நிப்பார்.” இப்பொழுது இரண்டு முறை வந்து போயிருக்கிறார்கள். இரண்டாம் முறை பந்தியில் இருந்து சாப்பிட்டும் போனார்கள்.

வீட்டில் இந்நோயாளி உள்ளவர்களுக்கும் இதையே விரித்துச் சொல்வேன். ஒருவர் கதைத்து முடிந்த பின் மற்றவர் கதையுங்கள். வசனம் சிறிதாக இருக்கட்டும். கரிசனையைத் தொனியில் மாத்திரம் விடாமல் சொல்லாகவும் சொல்லுங்கள்: “எனக்குக் கோபமில்லை, நீ பசியோட இருப்பியோ எண்டுதான் கேட்டனான்.” சாப்பாட்டு மேசையில் தொலைக்காட்சி வேண்டாம். நோயாளிக்கு ஒதுங்க ஓர் இடம் கொடுங்கள். நாளில் ஒரு வேளையாவது எல்லோருடனும் கூட்டி வையுங்கள். சிவராத்திரிக்கு இராமுழுவதும் கண்விழிக்க விடாதீர்கள். நித்திரை கெடுவது நோயைத் திரும்பக் கொண்டுவரும். விரதம் பிடிப்பதானால் முன்கூட்டியே வைத்தியரிடம் கேளுங்கள். விரதத்துக்காக மருந்து வேளையைத் தவறவிட வேண்டாம்.

எமது சங்க நிர்வாக சபைக்கும் சில விண்ணப்பங்கள். விழா நாட்களில் மண்டபத்துக்கு அருகில் உள்ள சிறு அறை ஒன்றைத் திறந்து, நாலு கதிரை போட்டு, பூசை மெதுவாகக் கேட்கும்படி கதவைச் சற்றே திறந்து வையுங்கள். ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறையுங்கள். இத்தாழ்ந்த கூரைக்குத் தவிலுக்கு மைக் தேவையில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, மேளமும் கூட்டமும் இல்லாமல் அரை மணி நேரம் சந்நிதியைத் திறந்து வைக்கலாம். இது மனச்சிதைவு உள்ளோருக்கு மாத்திரமன்று. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கும், காதுக்கருவி போட்ட முதியோருக்கும் உதவும். அங்கத்தவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது. ஒருவர் எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்காதிருங்கள். அவருடைய தாய் தகப்பனுக்கு ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

ஒரு பிள்ளை புதிதாக ஒதுங்குகிறது, படிப்பு திடீரென விழுகிறது, சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் கூசுகிறது, இல்லாத குரல்களுக்குப் பதில் சொல்கிறது என்று கண்டால் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். சிகிச்சை எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு நல்லது. 811 ஐ அழைத்து இரண்டாம் இலக்கத்தை அழுத்தினால் கியூபெக் அரசாங்கத்தின் சமூகநல உத்தியோகத்தர் இரவு பகல் எந்நேரமும் பேசுவார். குடும்ப வைத்தியரிடமோ, உங்கள் பகுதி சி.எல்.எஸ்.சி.யிலோ சொல்லலாம். டக்ளஸ் வைத்தியசாலையில் முதன்முறை நோய் கண்ட இளைஞருக்கென்று தனிப் பிரிவு உண்டு. குடும்பத்தினருக்கு ஆலோசனையும் துணையும் தர ஆமி-கியூபெக் என்ற அமைப்பு இருக்கிறது. உயிராபத்து என்றால் 911. இம்மாகாணத்தில் 14 வயதானவர் தமது சிகிச்சைக்குத் தாமே சம்மதம் கொடுக்கலாம்; வைத்தியர் நோயாளியின் இரகசியத்தைக் காப்பார். அயலாருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தால் வராமல் இருக்க வேண்டாம்.

சிறு அறைக்கு வேண்டிய நாலு கதிரைகளையும் நான் கொண்டுவந்து தருகிறேன். நிர்வாக சபையின் அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்து ஆராயுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். யாவருக்கும் இறைவன் அருள் கிட்டுவதாக.